இடம்: சங்கரன்கோவில்

1

இந்தக் கதைக்கு மூலம் வெறும் ஐந்து வரி. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். 2022இல் பூச்சியியல் ஆய்விதழ் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான பொடி எழுத்தில், ‘திருத்தம்’ என்று ஒன்று வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

‘இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டதாகச் சென்ற ஆண்டு இவ்விதழில் அறிவிக்கப்பட்ட அந்துப்பூச்சி, இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது என்று தெரியவந்துள்ளது. அதைச் சேகரித்த மாணவி கே. யோகமலர் இடக்குறிப்பைத் தவறாக எழுதியதே பிழைக்குக் காரணம். இந்த இனம் இலங்கையில் மட்டுமே வாழ்வது என்ற பழைய நிலையே தொடர்கிறது. வருந்துகிறோம்.’

இதில் இரண்டாவது வாக்கியம் பொய். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பக்கம்.

கதையை எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு மாதம் போனது. முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘சிங்கராஜ வனத்தில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.’ நான் அந்தக் காட்டைப் பார்த்ததில்லை. இலங்கையையே பார்த்ததில்லை. ஐப்பசியில் ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் தூறினால் ஊரே குடை வாங்கப் போகும் சங்கரன்கோவில்காரன் நான். மழைக்காட்டைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அடித்துவிட்டேன். இரண்டாவது வரைவு: ‘யோகமலர் அழுதாள்.’ அவள் அழவில்லை. அதையும் அடித்தேன். மூன்றாவது: ‘சண்முகசுந்தரிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.’

இது சரியான தகவல். இதிலிருந்தே போகலாம்.

2

சண்முகசுந்தரிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. சொந்த ஊர் கரிவலம்வந்தநல்லூர். வீட்டில் எல்லோரும் பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் செடியில் இருந்த புழுவைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. படித்து, சங்கரன்கோவிலில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராகி, துறைத் தலைவரும் ஆனார். (எந்தக் கல்லூரி என்று தேட வேண்டாம். இந்தக் கதைக்காக நான் கட்டியது அது.) முப்பது வருஷத்தில் அவர் பெயரில் வந்த கட்டுரைகள் இரண்டே இரண்டு, இரண்டும் மக்காச்சோளப் புழுவைப் பற்றி. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. ஓய்வுக்கு முன்னால் உருப்படியாக ஒன்று செய்துவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் இருந்தது.

2021இல் ஊரடங்குக்குப் பிறகு லேப் அலமாரிகளைத் திறந்து கரையான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பழைய மாணவர்களின் பூச்சிப்பெட்டிகள் வெளியே வந்தன.

அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவர் ஒவ்வொருவரும் இருபது பூச்சி பிடித்து, சட்டை வாங்கின அட்டைப்பெட்டியில் தெர்மாகோல் விரித்து, ஊசி குத்தி, மூலைக்கு ஒரு அந்துருண்டை போட்டு, லேபிளோடு சமர்ப்பிக்க வேண்டும். லேபிளில் மூன்று வரி: இடம், நாள், சேகரித்தவர். சொந்தமாகச் சேகரித்திருக்க வேண்டும், உள்ளூரில் சேகரித்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் குற்றாலத்துக்கு டூர் போய்ப் பிடித்ததும் ‘இடம்: சங்கரன்கோவில்’. கேரளத்தில் சித்தி வீட்டுத் தோட்டத்தில் பிடித்ததும் ‘இடம்: சங்கரன்கோவில்’. போன வருஷத்து அண்ணன் கொடுத்துவிட்டுப் போன வண்டும் ‘இடம்: சங்கரன்கோவில்’. எங்கள் லேபிள்களை நம்பினால் உலகத்துப் பூச்சியில் பாதி கோமதியம்மன் கோயிலைச் சுற்றித்தான் குடியிருக்கிறது.

சண்முகசுந்தரிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் 2016ஆம் வருஷத்துப் பெட்டி ஒன்றைத் திறந்து, இருபதாவதாகக் குத்தியிருந்த அந்தப் பெரிய பழுப்பு அந்துப்பூச்சியைப் பார்த்து, புத்தகத்தை எடுத்துவந்து ஒப்பிட்டு, ‘இலங்கையில் மட்டும்’ என்ற வார்த்தையைப் படித்துவிட்டு மறுபடி லேபிளைப் பார்த்தபோது, அவர் லேபிளை நம்பினார். நம்ப ஆசையாக இருந்தது. முப்பது வருஷமாகப் பொய் என்று தெரிந்து கையெழுத்துப் போட்ட ஆயிரக்கணக்கான லேபிள்களில் ஒன்றே ஒன்று உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று நினைத்திருப்பார்.

(நினைத்திருப்பார் என்று எழுதுகிறேன். நினைத்தார் என்று எழுத எனக்கு உரிமை கிடையாது.)

படம் எடுத்து வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு அனுப்பினார். அதே இனம்தான் என்று பதில் வந்தது. கட்டுரை எழுதினார், அச்சானது. உள்ளூர்ப் பக்கத்தில் செய்தித்தாளும் போட்டது. கல்லூரி வாசல் டீக்கடையில், “மேடம், நம்ம ஊர்ல மனுசன் இருக்கதுக்கே தண்ணி இல்ல, காட்டுப்பூச்சி எங்கன வந்து குடியேறிச்சு?” என்று கேலி பேசினார்கள். மேடம் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். அந்த வாரம் முழுக்க அவர் சிரித்த முகமாக இருந்தார்.

3

பூச்சியைப் பற்றிக் கொஞ்சம்.

அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கையில் இருக்கும் போனில் தட்டிப் பார்ப்பீர்கள். நிறம் சரியில்லை, கோடு சரியில்லை என்பீர்கள். இரண்டு மூன்று பூச்சிகளைச் சேர்த்து நான் செய்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரித்தால் உள்ளங்கை அகலம். மேலிறக்கை வடித்துப் போட்ட தேயிலைச் சக்கையின் நிறம், கீழிறக்கையில் மட்டும் ஒரு மஞ்சள் பட்டை. பகலெல்லாம் ஈர மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மழைக்காட்டை விட்டு வெளியே வராது. அதன் புழு எந்த மரத்து இலையைத் தின்கிறது என்று யாரும் இதுவரை பார்த்து எழுதவில்லை. இறக்கை முளைத்த பிறகு பத்து நாள் இருந்தால் அதிகம். அந்தப் பத்து நாளும் அது எதையும் தின்பதில்லை. தின்பதற்கு வாயே கிடையாது.

ஒரு தீவு, அந்தத் தீவில் ஒரு மூலை, அந்த மூலையில் ஈரம் காயாத கொஞ்சம் மரங்கள். அவ்வளவுதான் அதற்கு விதிக்கப்பட்ட உலகம். நடுவில் இருக்கும் கடல் பறவைக்குப் பெரிதல்ல. இதற்கு அது தாண்ட முடியாத கடல்.

யோகமலரின் குடும்பம் அந்தக் கடலைத் தாண்டித்தான் வந்தது. 1990இல், படகில்.

[இங்கே பூச்சியையும் மனிதரையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். நாடில்லாதவர்கள், எல்லை தெரியாத சிறகுகள் என்றெல்லாம் வந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

4

2016. பிராக்டிக்கல் பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது மேடம் பெட்டிகளை வரிசையாக வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். யோகமலரின் முறை வந்தது. அகதிகள் முகாமிலிருந்து வந்துபோகும் பிள்ளை. முகாமிலேயே பிறந்தவள். மெலிந்து, உயரமாக, எந்தக் கேள்விக்கும் ஒரு நொடி யோசித்துப் பதில் சொல்பவள்.

“ஏட்டி, இது என்ன?”

“அந்துப்பூச்சி மேடம்.”

“அது தெரியுது. லேபிள்ல என்ன எழுதியிருக்க?”

அவளே எழுதிய லேபிள். இடம் என்ற வரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர், பிறகு ‘சிங்கராஜ வனத்தோரம், இலங்கை’. நாள்: 1982, மழைக்காலம். சேகரித்தவர் என்ற வரியில் அவள் அம்மாவின் பெயர்.

“அம்மா பிடிச்சது மேடம். சின்னப் பிள்ளையா இருக்கும்போது லயத்து வீட்டுச் சுவத்துல வந்து உக்காந்துச்சாம். கணக்குக் கொப்பிக்குள்ள வச்சு மூடிட்டாங்களாம். படகுல வாரப்ப, படிச்சதுக்கு அத்தாட்சி வேணும்னு அந்தக் கொப்பியையும் பிறந்த பத்திரத்தோட எடுத்துட்டு வந்திருக்காங்க. பூச்சி இன்னும் உள்ளயே இருந்தது இங்கன வந்து பிரிச்சப்பதான் தெரிஞ்சுதாம்.”

“நீ பிடிக்கலியா?”

“எனக்குப் பத்தொம்பதுதான் கிடைச்சது மேடம். அம்மாதான், இதையும் கொண்டு போ, காலேஜ்ல பத்திரமா இருக்கும்னாங்க.”

சண்முகசுந்தரிக்கு அந்தப் பிள்ளை மேல் பிரியம் உண்டு. முதலாம் ஆண்டில், முகாமில் ஆட்களை எண்ணும் செக்கிங் நாளும் பரீட்சை நாளும் ஒன்றாக வந்தபோது, அதிகாரியிடம் தானே போய் நின்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். இப்போதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறையக் கூடாதே என்றுதான் யோசித்தார்.

“எக்ஸ்டெர்னல் வந்து பாத்தா என்ன சொல்லுவாரு? சொந்தமா பிடிச்சிருக்கணும், நம்ம வட்டாரத்துல பிடிச்சிருக்கணும். இலங்கைன்னு பாத்தார்னா ஆயிரம் கேள்வி கேப்பாரு. முகாம், படகுன்னு எங்கயோ போய் முடியும். எதுக்குட்டி வம்பு? இடத்தை சங்கரன்கோவில்னு மாத்து. தேதியை இந்த மாசம் போடு. பேரு உன் பேரு.”

“மேடம், அம்மா பேரு...”

“அம்மாவா பரீட்சை எழுதுதாங்க?”

லேபில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். யோகமலரும் சிரித்தாள்.

லேபிள் மாறியது. யோகமலருக்கு இருபதுக்கு இருபது கிடைத்தது. சமர்ப்பித்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கல்லூரியில் இல்லை. பெட்டி அலமாரிக்குள் போனது. சண்முகசுந்தரி அன்று மட்டும் நாற்பது பேரை லேபிள் மாற்றச் சொல்லியிருப்பார். ஐந்து வருஷம் கழித்து அதில் ஒன்று அவர் நினைவில் இல்லாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

5

மேலே ஒரு வாக்கியத்தில் நழுவியிருக்கிறேன். கவனித்தீர்களா தெரியாது. ‘லேபிள் மாறியது’ என்று எழுதினேன். லேபிள் தானாக மாறாது.

மூன்றாவது வரைவு வரை இந்தக் கதையில் லேப் அட்டெண்டர் என்று ஒருவரே கிடையாது. பாத்திரம் அதிகமாகிவிடும், கதை நீண்டுவிடும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பெயர் தாவீது. முப்பத்தோரு வருஷம் அந்த லேபில் வேலை பார்த்தார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மாணவர்கள் லேபிள் எழுத அவரிடம்தான் கொடுப்பார்கள். கறுப்பு மையில், நுனி மெல்லிய பேனாவில், அச்சடித்தது மாதிரி எழுதிக் கொடுப்பார். ஓய்ந்த நேரத்தில் சின்னப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுவார். ஏழெட்டு வந்திருக்கிறது.

அது நான்தான்.

கணக்கு நோட்டுக்குள் முப்பத்து நான்கு வருஷம் அமுங்கித் தட்டையாகிக் கிடந்த பூச்சியை டிபன்பாக்ஸில் ஈரப்பஞ்சின் மேல் ஒரு நாள் முழுக்க வைத்து, இறக்கை இளகிய பிறகு விரித்து ஊசி குத்தியவன் நான். கீழிறக்கையின் ஓரம் கொஞ்சம் பொடியாகி விரலில் ஒட்டியது. யோகமலர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “பரவால்ல அண்ணாச்சி, ரொம்ப வயசாயிருச்சுல்ல அதுக்கு” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அவள் எழுதிய லேபிளை உருவிக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன்.

இடம்: சங்கரன்கோவில்.
நாள்: 11.2.2016.
சேகரித்தவர்: கே. யோகமலர்.

நான் எழுதிய கதைகளில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லாதது அது ஒன்றுதான். ஆய்விதழ் வரை போய் அச்சானதும் அது ஒன்றுதான்.

2021இல் மேடம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “தாவீது, பாருங்க, நம்ம ஊர்ல!” என்று ஓடிவந்தபோதே எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம். நிபுணரிடமிருந்து பதில் வந்த அன்று சொல்லியிருக்கலாம். கட்டுரை அச்சான அன்று துறையில் லட்டு கொடுத்தார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். என் கையிலும் ஒரு லட்டை வைத்தார்கள். அந்த அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. தின்றுவிட்டேன்.

6

கொழும்பிலிருந்து ஒரு ஆய்வாளர் மிக மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். படத்தில் பூச்சியின் உடல் இரண்டு பக்கமும் அமுங்கினாற்போல் இருக்கிறது. தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தியது மாதிரி தெரிகிறது. சேகரித்தவரிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டிருந்தார்.

மேடம் பழைய பதிவேட்டில் நம்பர் எடுத்து யோகமலருக்குப் போன் போட்டார். அவள் அதற்குள் திருநெல்வேலியில் எம்.எஸ்சி. முடித்து, வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே, சங்கரன்கோவிலில் ஒரு நைட்டி கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“யோகா, அந்த அந்துப்பூச்சியை எங்கனட்டி பிடிச்ச?”

“எந்தப் பூச்சி மேடம்?”

“இருபதாவது.”

ஒரு நொடி யோசித்தாள். “அது அம்மா பிடிச்சதுல்லா மேடம். இலங்கையில. நீங்கதான இடத்தை மாத்தச் சொன்னீங்க.”

குற்றம் சொல்லும் குரலே இல்லை. மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுத்துக் கொடுப்பது போலச் சொன்னாள். மேடம் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தாவீது, நான் சொன்னேனா?”

“சொன்னீங்க மேடம்.”

“நீங்க அப்ப இருந்தீங்களா?”

“நான்தான் எழுதினேன் மேடம்.”

“பிறகு ஏன் லட்டு தின்னீங்க?”



திருத்தம் அனுப்ப வேண்டும் என்று அவரே சொன்னார். அதில் அவரை மெச்ச வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். முதலில் சொன்ன வாக்கியம் இது: ‘துறைத் தலைவரான எனது அறிவுறுத்தலின் பேரில் மாணவியின் சரியான இடக்குறிப்பு மாற்றி எழுதப்பட்டது.’ திரையில் அதை இரண்டு முறை படித்தார். அடுத்த வாரம் கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. முதல்வர் கூப்பிட்டனுப்பினார். போய்விட்டு அரை மணி நேரத்தில் வந்தார். கண் சிவந்திருந்தது.

“அந்த வரியை எடுங்க தாவீது. துறைத் தலைவரே மாத்தச் சொன்னாருன்னு போட்டா காலேஜ் பேரே போயிரும்ங்காங்க. அவ பேரைப் போட்டு, தவறா எழுதிட்டான்னு முடிச்சிருவோம்.”

“மேடம், பிள்ளை...”

“அவ எங்க இதைப் படிக்கப் போறா? யாருதான் படிக்கப் போறா?”

நான் அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு மேலேயிருக்கும் அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தட்டச்சு செய்தேன். எனக்கு ஓய்வூதியம் உட்பட எல்லாம் அந்த அம்மா கையெழுத்தில் ஆக வேண்டியிருந்தது என்று சொல்லலாம். அது காரணமில்லை. சொன்னதை எழுதியே பழகிவிட்டேன்.

7

அதைப் படித்தவர்கள் இருந்தார்கள்.

அகதிகள் முகாமில் இருக்கிறவர்களுக்கு அரசு வேலை கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பூச்சிகளைக் கணக்கெடுக்கும் தனியார் ஆய்வு நிறுவனம் ஒன்று உதவியாளர்களைத் தேடியது. 2023இல் யோகமலரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்குத் திறந்த கதவு அது ஒன்றுதான். இதை அவளே பேருந்து நிலையத்தில் என்னிடம் சொன்னாள். சிவகிரி பஸ்ஸுக்காக நான் நின்றுகொண்டிருந்தேன். அவள்தான் என்னைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, நல்லாருக்கீங்களா?” என்று வந்தாள்.

“நல்லாத்தான் பேசுனாங்க அண்ணாச்சி. பூச்சி படமெல்லாம் காட்டிக் கேட்டாங்க, பதினெட்டுக்குப் பதினாறு சொல்லிட்டேன். கடைசில ஒரு சார் ஒரு தாளை எடுத்து வச்சு, ‘இந்த யோகமலர் நீங்கதானா?’ன்னாரு. ஆமா சார்னேன். ‘ஏன் இடத்தை மாத்தி எழுதினீங்க? கணக்கெடுப்பு வேலையில இதை எப்படி நம்புறது?’ன்னாரு.”

“நீ என்னம்மா சொன்ன?”

“மேடம் பேரைச் சொல்லலாமான்னு யோசிச்சேன். அவங்க எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்காங்கல்லா. ‘தெரியாம எழுதிட்டேன் சார்’னுட்டேன்.”

அவளுக்குப் பஸ் வந்துவிட்டது. ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். நானும் கையசைத்தேன். நான் போக வேண்டிய சிவகிரி பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. ஏறத் தோன்றவில்லை.

அன்றுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எழுதியிருக்கக் கூடாது. உட்கார்ந்து எழுத வேண்டியது வேறொன்று என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

8

சண்முகசுந்தரி மேடம் ஓய்வு பெற்றுக் கரிவலத்திலேயே இருக்கிறார். மூட்டுவலி, அதிகம் நடமாட்டம் இல்லை. நான் போய் இன்னொரு திருத்தம் அனுப்பலாமா என்று கேட்டேன். காபி கொடுத்தார். நேர்முகம் நடந்த கதையை முழுக்கக் கேட்டார்.

“என் பேரைச் சொல்லலியா?”

“சொல்லல மேடம்.”

வேட்டைக்காரன் கண்ணில் படாமல் மரப்பட்டையோடு ஒட்டிக்கொள்ளும்

[இந்த வாக்கியம் வேண்டாம். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.]

“இப்ப என்ன செய்யுதா?”

“நைட்டி தைக்கா மேடம்.”

“நல்லா தைப்பாளா?”

“தைப்பா மேடம்.”

“கை நல்ல நிதானம் அவளுக்கு. முதல் வருசமே கரப்பான் அறுத்துக் காட்டுவா, நரம்பு ஒண்ணுகூட அறுபடாது.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இனிமே என்னத்தை அனுப்பி என்ன தாவீது? ரெண்டு தடவை தப்பு பண்ணினேன்னு எழுதணும். எனக்குத் தெம்பு இல்ல. நீங்க எழுதுங்க. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

இந்த அம்மாவைக் கெட்டவராகக் காட்டிவிடக் கூடாது என்று ஒவ்வொரு வரைவிலும் பாடுபட்டிருக்கிறேன். பாடுபட்டதில் யோகமலருக்கு நடந்தது கொஞ்சம் சின்னதாகிப் போயிருக்கிறது. மன்னியுங்கள்.

9

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. மேடம் ஆட்டோ பிடித்து முகாமுக்குப் போகிறார். யோகமலரின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். மூவரும் காபி குடிக்கிறார்கள். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் மேடம் போகவில்லை. போகாதவரைக் கதையில் அனுப்பிவைப்பது அவருக்கு நான் செய்யும் இன்னொரு சேவகம்.

ஆ. சிவகிரிக்கு மேலே மலையில் பூச்சி பிடிக்க யாரோ விளக்கு வைத்து விரித்த வெள்ளைத்துணியில் அதே அந்துப்பூச்சி வந்து உட்கார்கிறது. ஆக, அது இங்கேயும் இருக்கிறது! லேபிள் பொய்யில்லை, கட்டுரை பொய்யில்லை, ஒருவரும் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இந்த முடிவின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அது ஒரு தீவின் பூச்சி. என் வசதிக்காக அது கடல் தாண்டாது.

இ. கதையைப் படித்துவிட்டு அந்த நிறுவனத்துக்காரர்கள் யோகமலரைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல். இந்தக் கதையில் எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறேன். கல்லூரி கிடையாது, பூச்சிக்குப் பெயர் கிடையாது, முகாம் எங்கே என்று சொல்லவில்லை, தாவீது என் பெயர் இல்லை, யோகமலர் அவள் பெயர் இல்லை. யாரைக் கூப்பிடுவார்கள்?

10

மூன்றும் சரிவராததால் கதையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவளிடமே கொடுத்தேன். நைட்டி கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் விடுவார்கள். வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டபடி ஒரு கையால் தாளைத் திருப்பினாள். ஒன்பதாவது பகுதி வரை படித்தாள். சில இடங்களில் சிரித்தாள். லட்டு வரும் இடத்தில் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க அண்ணாச்சி.”

“உன் பேரை மாத்திட்டேன்னு கோவமாம்மா?”

“என் பேர் கிடக்கட்டும். அது எங்க போனாலும் தப்பாத்தான் வருது.” தாள்களை அடுக்கி, கையில் ஒட்டியிருந்த சோறு படாமல் நீட்டினாள். “நான் லேபிள்ல அம்மா பேரை எழுதியிருந்தேன்லா. அதைத்தான் நீங்க மொதல்ல கிழிச்சீங்க. இத்தனை பக்கத்துல மேடத்துக்குப் பேர் இருக்கு, உங்களுக்குப் பேர் இருக்கு, எனக்குக்கூட ஒரு பொய்ப்பேராவது இருக்கு. அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி. வெறும் அம்மான்னே போயிருக்கு.”

நான் தாள்களை வாங்கிப் புரட்டினேன். அவள் சொன்னது சரி. நீங்களும் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

“மறந்துதான் போச்சும்மா. அம்மா பேரு என்னது?”

அவள் தூக்குச்சட்டியை மூடினாள். “உங்களுக்கே ஞாபகம் இல்லையா?” என்றாள். ஆச்சரியமாகத்தான் கேட்டாள். உள்ளே மணி அடித்தது. “நேரமாச்சு அண்ணாச்சி, மேஸ்திரி திட்டுவாரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொல்லக் கூடாது என்று போனாளா, உண்மையிலேயே நேரமாகிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

11

வீட்டுக்கு வந்து ஆய்விதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கதையல்ல, கடிதம். உண்மையான பெயர்களோடு, உண்மையான தேதிகளோடு. நான் எழுதினேன், நான் கிழித்தேன், நான் தட்டச்சு செய்தேன், மாணவி சரியாகவே எழுதியிருந்தாள் என்று நான்கு வரி தடையில்லாமல் வந்தது. ஐந்தாவது வரி: ‘இந்த மாதிரியை 1982இல் சிங்கராஜ வனத்தோரம் சேகரித்தவர்’

இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ஒருவரின் பெயரைக் கையில் வைத்திருந்து, படித்து, கிழித்து, அதன் மேல் வேறொன்றை அழகாக எழுதியிருக்கிறேன். எட்டு வருஷமாக அது நினைவுக்கு வரவில்லை என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. கதை எழுதுகிறவனுக்கு மனிதர்கள் மேல் அக்கறை அதிகம் என்று யாராவது சொன்னால் இனிமேல் நம்பாதீர்கள்.

அந்த அம்மா உயிரோடுதான் இருக்கிறார். முகாமில், மூன்றாவது வரிசையில், தகர வீட்டில். போய்க் கேட்டால் சொல்வார். இங்கிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கேட்டுவிட்டு வந்து ஐந்தாவது வரியை முடித்துத் தபாலில் சேர்த்தால் யோகமலருக்கு வேலை கிடைக்குமா தெரியாது. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் போய்விடும்.

இந்தக் கதைக்கு வேறு முடிவு கிடையாது. நான் அந்த பஸ்ஸில் ஏறினேனா இல்லையா என்பதுதான் முடிவு. ஏறினேன், கேட்டேன், எழுதிப் போட்டுவிட்டேன் என்று இங்கே எழுதுவதற்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அதனால் எழுதவில்லை.